நீல வரிகள்

உமையாளும் நானும் ஒரே ஆள் என்று அரசாங்கம் கடிதம் போட்டிருந்தது. இதே சொற்களில் இல்லை. "தங்கள் எழுத்து நடையும், காரைக்குடி திருமதி உமையாள் சொக்கலிங்கம் அவர்களின் எழுத்து நடையும் தொண்ணூற்று நான்கு சதவீதம் ஒத்துப்போவதால், இருவரில் ஒருவர் நகல் எனக் கருதப்படுகிறது" என்று இருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு என் மனைவி செண்பகத்திடம் நீட்டினேன். அவள் தோசைக் கரண்டியோடு நின்றபடியே படித்தாள்.

"என்கூட நாப்பது சதவீதம் ஒத்துப்போயிருப்பீங்களா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உமையாளை என் வாழ்க்கையில் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பதினேழு வருடமாக அந்த அம்மாளோடு தினமும் சண்டை போட்டிருக்கிறேன். என் வலைப்பதிவின் பெயர் 'சில்லறைச் சிந்தனை'. அவருடையது 'உப்புக்கண்டம்'. ரவா உப்புமாவைத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு நாள் எழுதினேன். உப்புமாவைத் திட்டுகிறவன் கிண்டத் தெரியாதவன் என்று அன்று சாயங்காலமே அவர் பதில் போட்டார். அங்கே ஆரம்பித்தது. உப்புமாவில் தொடங்கி, சாமி உண்டா இல்லையா வரைக்கும் போய், திரும்பவும் உப்புமாவுக்கே வந்து நின்றோம்.

கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். நடைச்சான்று அலுவலகம், திருச்சி கிளை. ராயப்பன் என்று ஒருவர் பேசினார். சின்ன வயதுக் குரல், பொறுமையான ஆள்.

"சார், இப்ப நெட்டுல வர்ற தமிழ்ல நூத்துக்குத் தொண்ணூறு மெஷின் எழுதுறது. அதனால மனுஷன் எழுதினதுன்னு சான்று இருந்தாத்தான் வெளிய விடுறோம். ஒருத்தருக்கு ஒரு நடை. ஒரே நடையில ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர் இன்னொருத்தர் எழுத்த மெஷின்ல போட்டு அரைச்சு எடுக்குறார்னு அர்த்தம்."

"நான் மெஷினைத் தொட்டதே இல்ல தம்பி. தையல் மெஷினைத் தவிர." நான் தில்லைநகரில் தையல் இயந்திர உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன்.

"அதத்தான் சோதிக்கப் போறோம். இன்னையிலேர்ந்து பன்னெண்டாவது நாள் ரெண்டு பேரும் இங்க வந்து ஒரு மணி நேரம் எழுதணும். எங்க யோசிக்கிறீங்க, எங்க அடிக்கிறீங்க, எல்லாம் பதிவாகும். யாரு மூலம், யாரு நகல்னு அதுல தெரிஞ்சிரும்."

"நகல்னு வந்தா?"

"பதிவு மொத்தமும் எடுத்துருவோம் சார். அப்புறம் சான்றே கிடைக்காது. யாரோட பதிவுலயும் ஒரு பின்னூட்டம்கூடப் போட முடியாது."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்தான். இன்னொண்ணு சார், சோதனை முடியிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. ஒரு வரி போச்சுன்னாலும் ரெண்டு பேருக்கும் ரத்து."

போனை வைத்தேன். ஊரில் ஆயிரம் பேருக்கு எழுத்து ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. கடையில் பாபினும் ஊசியும் விற்கிறவன் சொல்வதை யார் கேட்கிறார்கள்? வீட்டில் நான் வாயைத் திறந்தால் செண்பகம் மிக்ஸியைப் போடுவாள். என் ஒரு வார்த்தைக்காகத் தினமும் காத்திருந்த ஜீவன் உலகத்திலேயே ஒன்றுதான், அதுவும் அதைக் கிழிப்பதற்காகக் காத்திருந்தது.

நாங்கள் எழுதின விதத்தைச் சொல்ல வேண்டும். காலை ஐந்து மணிக்குக் காப்பி போட்டுக்கொண்டு உட்காருவேன். முதல் வேலை, முந்தின சாயங்காலம் உமையாள் போட்ட பதிவைப் படிப்பது. வயிறு எரியும். எரிந்தால்தான் எனக்குக் கை ஓடும். ஏழு மணிக்குள் பதிவு போட்டுவிட்டுத்தான் குளியல். பழைய பதிவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளி எழுதினதை அப்படியே வெட்டி ஒட்டி, அந்த வரிகளுக்கு நீல நிறம் கொடுத்துவிடுவோம். கீழே நம் பதில் கறுப்பில். இப்படி வரிக்கு வரி. மேற்கோள் குறி போடுகிற மரியாதை எல்லாம் எங்களிடம் கிடையாது. என் பதிவில் பாதி உமையாளின் நீலம், அவர் பதிவில் பாதி என் நீலம்.

யோக்கியனாக மட்டுமே இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு வாசகர் அதிகம் என்று தினமும் மூன்று தடவை பார்ப்பேன். ஒரு முறை பெயர் போடாமல் அவர் பதிவில் போய், 'படு மொக்கை' என்று பின்னூட்டம் போட்டேன். மறுநாள் அவர், "தில்லைநகர்ப் பெரியவர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தாலும் தும்மல் காட்டிக்கொடுக்கிறது" என்று எழுதினார். எனக்கும் அவருக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். பெரியவர் என்று சொன்னதற்காகவே ஒரு வாரம் எழுதித் தீர்த்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் பதிவுகளை முடக்கி வைத்திருந்தார்கள். சோதனைக்குப் பழகிக்கொள்ளலாம் என்று காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். படிக்க உமையாள் இல்லை. ஒரு வரி வரவில்லை. மறுநாளும் இல்லை. உப்புமாவைப் பற்றியே எழுதிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். 'உப்புமா' என்று எழுதிவிட்டு ஏழு மணி வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகல் நான்தானோ என்று ஆறாவது நாள் சந்தேகம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒரு பெண்மணிக்கு ஊசிக்குப் பதில் ஆணியை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

"இந்த எழவ விட்டுத் தொலைங்களேன்" என்றாள் செண்பகம்.

"விட்டா நான் யாரு?"

சோதனை நாளன்று செண்பகம் நான் கூப்பிடாமலே புடவை மாற்றிக்கொண்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு, என்னோடு ஆட்டோவில் ஏறினாள்.

அலுவலகம் கண்டோன்மென்ட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கூடத்தின் ஒரு மூலையில் எங்களை உட்கார வைத்தார்கள். எதிர்மூலையில் ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணி, அதற்குக் கீழே விரல் அகலத்தில் ஒரு பட்டை. ராயப்பன் அவரிடம் போய், மின்விசிறி வேலை செய்யவில்லை என்று வருத்தம் சொன்னார். அந்த அம்மாளின் உதடு அசைந்தது. குரல் பட்டையிலிருந்து வந்தது.

"இருக்கட்டும் தம்பி. காத்து வேணும்னா நாங்க ஏன் அரசாங்க ஆபீசுக்கு வர்றோம்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அது என் வாக்கியம். நிம்மதி வேண்டுமென்றால் நாம் ஏன் வங்கிக்குப் போகிறோம் என்று நான் எழுதி எட்டு வருடம் இருக்கும். என் சாமானை ஒருத்தி கழுத்தில் மாட்டிக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

தண்ணீர் பிடிக்கப் போன செண்பகம் வரக் கால் மணி நேரம் ஆனது. குழாயடியில் அந்த அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. பேசக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும்தான், செண்பகத்துக்கு இல்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் பாட்டில் மூடியையே திருகிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குத் தொண்டையில கேன்சர். மூணு வருஷம் ஆச்சாம். குரலையே எடுத்துட்டாங்க."

"பதிவுல ஒரு வார்த்த எழுதலையே."

"உங்ககிட்ட எழுதுவாங்களா? நீங்க இரக்கப்பட்டுச் சண்டைய நிறுத்திருவீங்கன்னு பயந்தாங்களாம்." செண்பகம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மருந்துல விரல் மரத்துப்போச்சு. கையெழுத்துப் போடுறதுக்கு மேல பேனா பிடிக்க முடியல, போன்ல தட்டவும் வரல. பேச்சு, எழுத்து ரெண்டுக்கும் அந்தப் பட்டைதான். வாய அசைச்சாப் பாதிச் சொல்லத்தான் அது பிடிக்குதாம். மீதிய அவங்க பழைய பதிவ வச்சு, இந்தம்மா இப்படித்தான் பேசும்னு அதுவா நிரப்பிக்குது."

"சரி."

"என்ன சரி? நகல்னு வந்தா அந்த நடையே ரத்து. அப்புறம் பட்டை பொதுத்தமிழ்ல பேசும். ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி. வீட்டுல வேற ஆளும் இல்ல அவங்களுக்கு."

"அழுதாங்களா?"

"சிரிச்சாங்க. 'எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் வாய மூடு வாய மூடுன்னு சொல்லிட்டே இருந்தாரு, அரசாங்கம் இப்பத்தான் மனுவ எடுத்துருக்கு'ன்னு சொன்னாங்க."

நான் எதிர்மூலையைப் பார்த்தேன். உமையாள் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு. ஒரு பக்கத்து வார் வேறு நிறத்தில் இருந்தது. இந்த அம்மாளையா நான் முகமூடி போட்டுக்கொண்டு மொக்கை என்று சொன்னேன் என்று வெட்கமாக இருந்தது.

ராயப்பன் ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்து, வராந்தாவில் இருக்கும் பெட்டியில் போடச் சொன்னார். சோதனைக்குச் சம்மதம் என்றால் மேல்கட்டத்தில் கையெழுத்து. நகல் என்று தானாகவே ஒப்புக்கொண்டால் கீழ்க்கட்டத்தில் கையெழுத்து. ஒருவர் ஒப்புக்கொண்டால் சோதனை கிடையாது, மற்றவருக்கு அன்றைக்கே சான்று. பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள் இருந்தன. மூன்று வரைக்கும் படித்தேன். நாலாவது விதியின் எழுத்து இன்னும் பொடி, கண்ணாடி செண்பகத்தின் பையில் இருந்தது, விட்டுவிட்டேன். உமையாள் பதிவில் ஒரு காற்புள்ளியைக்கூட விடாத ஆள் நான்.

நல்லவன் என்று என்னை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். ஜெயித்தால் என் பதிவு எனக்கு. ஆனால் காலை ஐந்து மணிக்கு எதைப் படித்து வயிறு எரிவது? பன்னிரண்டு நாளில் ஒரு வரி வராதவனுக்குச் சான்று எதற்கு? தோற்றால் எனக்கு எழுத்துதான் போகும். கடைக்காரனிடம் பேச, ஆட்டோக்காரனைத் திட்ட, செண்பகத்திடம் திட்டு வாங்க, வாய் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

செண்பகத்திடம் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். வராந்தாச் சுவரில் படிவத்தை வைத்து, கீழ்க்கட்டத்தில் எழுதினேன். 'நான் நகல். பதினேழு வருடமாக உமையாளைப் படித்துத்தான் எழுதுகிறேன். மருதவாணன்.' பெட்டியில் போட்டபோது பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் ஆற்றில் விட்ட மாதிரி இருந்தது. அழுகையை அடக்க முகத்தைக் கழுவிக்கொண்டேன். செண்பகத்திடம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லாமே மாறியிருக்கும்.

அரை மணி நேரம் கழித்து ராயப்பன் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். செண்பகமும் கூடவே வந்தாள். அவர் மேஜை மேல் இரண்டு படிவங்கள் இருந்தன.

"சார், அஞ்சு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். எல்லாரும் நான்தான் மூலம், நான்தான் மூலம்னு அடிச்சுக்குவாங்க. இது மாதிரி ஒண்ணு வந்ததே இல்ல."

"நான்தான் எழுதிக் கொடுத்துட்டேனே. அம்மாவுக்குச் சான்று குடுத்து அனுப்புங்க."

"அம்மாவும் எழுதிக் கொடுத்துட்டாங்க."

இரண்டாவது படிவத்தைத் திருப்பினார். கீழ்க்கட்டத்தில் கோணல்மாணலான கையெழுத்து. அதற்கு மேல், பட்டையில் சொல்லி அச்சில் எடுத்த இரண்டு வரி. 'நான்தான் நகல். இந்த மனுஷனைப் படித்து எரிந்தால்தான் எனக்கு வாக்கியமே வரும்.'

நான் உமையாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, செண்பகத்தைப் பார்த்தார். செண்பகத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "இந்தப் பதிவு போச்சுன்னா இவரு உயிரையே விட்டுருவாரு, பன்னெண்டு நாளா சாப்பிடலன்னு அவங்ககிட்ட சொன்னேன். மனசு தாங்காமச் சொல்லிட்டேங்க."

"சரிப்பா, ஒருத்தரோடத வாபஸ் வாங்கிக்கிறோம்" என்றேன் ராயப்பனிடம்.

"முடியாது சார். நாலாவது விதி." அவர் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். "இருவரும் நகல் என ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், மூலம் மனிதர் அல்ல எனக் கொள்ளப்படும். இரு நடைகளும் ரத்து செய்யப்படும்."

"மூலம் மனுஷன் இல்லன்னா?"

"மெஷின்னு அர்த்தம் சார். ரெண்டு பேரும் மெஷினப் பாத்து எழுதினதா எடுத்துக்கும். நீங்க பெட்டியில போட்டதுமே அதுவா உள்ள போயிருச்சு. எனக்கே பதினொண்ணரைக்குத்தான் தெரியும்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷன்.

உமையாளின் உதடு அசைந்தது. ராயப்பனிடம் ஏதோ கேட்டார். பட்டையிலிருந்து ஒரு புதுக் குரல் வந்தது. மென்மையான, ஊர் பேர் தெரியாத குரல். "தங்கள் உதவிக்கு நன்றி."

அவர் சட்டென்று கையால் பட்டையை மூடிக்கொண்டார்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். இனி பேசக் கூடாது என்று தடை ஒன்றும் இல்லை. காரைக்குடிப் பேருந்துக்காக நிற்கும்போது உமையாள் என் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். நிறுத்தாமல் பேசினார். கை ஆடியது, கண் கலங்கியது, நடுவில் ஒரு தடவை சிரிப்பு வந்தது, விரலை நீட்டி என்னை மிரட்டினார். ஐந்து நிமிடம் இருக்கும். கடைசியில் பட்டை பேசியது.

"தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. பயணம் இனிதாக அமையட்டும்."

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியாது. ஆனால் தொண்ணூற்று நான்கு சதவீதம் ஒரே ஆள் அல்லவா? அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"'கூறுகெட்ட மனுஷா, ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா'ன்னு கேட்டீங்க. அதானே?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"'பெரியவரே, உப்புமா விஷயத்துல மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல'ன்னு சொன்னீங்க."

இல்லை.

"மொக்கைன்னு போட்டதுக்குத் திட்டினீங்களா? அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறேன்."

இல்லை. அதுவும் இல்லை. பிறகு நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலை அப்படியேதான் ஆடியது. கிட்டத்தில்கூட என்னால் போக முடியவில்லை. நடு ரோட்டில் நின்று யோசித்தபோது எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் பதிவில் பாதி என் வரிகள். என் பதிவில் பாதி அவர் வரிகள். நீலத்தை அவர்கள் மெஷின் பார்த்திருக்குமா? பட்டைதான் பார்த்திருக்குமா? என் நீல வரியை எடுத்துத்தானே அது மூன்று வருடமாக அவர் வாயில் நிரப்பியிருக்கிறது.

செண்பகத்தை அவரோடு நிற்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். மூச்சு வாங்கியது. நீல வரி விஷயத்தை நான் சொல்ல ராயப்பன் கேட்டுவிட்டு, எங்கள் பழைய பதிவுகளைத் திரையில் போட்டார். நிறமில்லாமல், எல்லாம் ஒரே கறுப்பில் ஓடியது.

"கலர் எங்களுக்கு வராது சார். வெறும் எழுத்துதான் எடுப்போம்." நீல வரிகளை மட்டும் நான் காட்டக் காட்ட நீக்கி, சும்மா ஒரு மாதத்துப் பதிவை ஒப்பிட்டுப் பார்த்தார். வந்த எண்ணை என்னிடம் சொல்லாமல் திரையைத் திருப்பினார். பதினொன்று.

"அப்ப நாங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளு."

"ஆமா சார். காலையில சொல்லியிருந்தீங்கன்னா அஞ்சு நிமிஷ வேலை." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒப்புக்கிட்டவங்களுக்கு மேல்முறையீடு கிடையாது சார்."

கீழே வந்தபோது பேருந்து புறப்பட்டிருந்தது. அவர் பின்னால் திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டே போனதாகச் செண்பகம் சொன்னாள். அவள் அன்றைக்கு அழுத அழுகையை நான் எங்கள் கல்யாணத்திலிருந்து பார்த்ததில்லை.

நடந்ததை எல்லாம் விளக்கிக் காரைக்குடிக்குக் கடிதம் போட்டேன். அன்று பேருந்து நிறுத்தத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டிருந்தேன். பத்து நாளில் அச்சடித்த பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. நலம். நலமறிய ஆவல். நடந்தவை குறித்து மிகுந்த வருத்தம் அடைகிறேன்.' அடியில் அதே கோணல்மாணல் கையெழுத்து. அதைப் போடும்போது காகிதம் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தியிருந்தார்.

இப்போதும் ஐந்து மணிக்கு எழுந்துகொள்கிறேன். யாருக்கும் காட்ட முடியாத நோட்டில்தான் இதை எழுதுகிறேன். செண்பகம் மிக்ஸியைப் போடுவதை நிறுத்திவிட்டு, நான் பேசுவதைக் கேட்கப் பார்க்கிறாள். பாவம், அவளுக்குச் சண்டை போடத் தெரியவில்லை. மேஜையில் இரண்டு பேனா வைத்திருக்கிறேன். கறுப்பில் எழுத வேண்டியது எனக்கு வந்துவிடும். நீலத்தில் முதலில் அந்த அம்மாள் சொன்னதை எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை.